பாடலாமா என்று நீ கேட்டாய்

இன்று காலை மன்னார் ஆசுப்பத்திரியில் புதிய பல் டொக்டர் ஒரு கிழவரின் வாய்க்கு அளவெடுக்க மெழுகைச் சுடுதண்ணீரில் போட்டார். அது இளகி, அறை முழுவதும் அந்த வாசம் பரவியது. தட்டை ஏந்திக்கொண்டு நின்ற நான் அதை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் போனேன். "என்ன மிஸ்ஸி, சுகமில்லையோ?" என்று கிழவர் மெழுகு வாயோடு கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷமாகிறது. இந்தக் கடிதத்தை நீ வங்காலையில் உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும், கொழும்பிலிருந்து பறங்கி டொக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வருவார். வாடிவீட்டில் தங்கி, இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் பல் பார்ப்பார். அவருக்குத் தமிழில் "வாயைத் திற", "துப்பு" என்ற இரண்டு சொல்தான் தெரியும். மற்றதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். நீயும் நானும் கன்னியர் மடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த இங்கிலீசு எனக்கு அங்கேதான் சோறு போட்டது.

சனம் கேட்கும் கேள்விகளை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குச் சொல்லிக் காட்டுவேன். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போகுமோ? பிள்ளைத்தாச்சி பல்லுப் பிடுங்கலாமோ? நோன்போடு வாய் கொப்பளித்தால் நோன்பு முறியுமோ? வெற்றிலைக் கறை போகக் கரியும் உப்பும் போட்டு உரஞ்சட்டோ? ஒரு மனிசி, கட்டுப்பல்லோடு பூசையில் நன்மை அப்பம் எடுத்தால் பாவமோ என்று கேட்டதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போதும் உன் இடக்கை வாயை மூடியிருந்தது.

உன் முன்பல் நாலும் உதட்டுக்கு வெளியே மிதந்திருந்தன. மடத்திலேயே உனக்கு அந்தக் கை பழகிவிட்டது. பாடும்போது மட்டும் அது கீழே இறங்கும். தபசு காலத்தில் வங்காலைக் கோயிலில் நீ பசான் பாட எழும்பினால், கடைசி வாங்கில் இருக்கும் வள்ளக்காரச் சம்மாட்டிமாரும் கதையை நிறுத்துவார்கள். ஆண்டவரின் பாடுகளை நீ பாடும்போது உன் பல்லை யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியாது.

பேசாலையிலிருந்து உன்னைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை. கலியாணம் மடுத் திருநாள் கழிய என்று நாளும் பேசிவிட்டார்கள். போகிறபோது மாப்பிள்ளையின் மாமி படலையடியில் நின்று, "பிள்ளை தங்கமான பிள்ளை. பல்லுத்தான் ஒரு சாதியாக் கிடக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே நீ கடலுக்கு நடுவே கிடக்கும் தாம்போதி கடந்து மன்னாருக்கு நடந்து வந்துவிட்டாய். பாதம் முழுவதும் உப்பு மண்.

"இதைப் பிடுங்கிப்போட்டு வேறை பல்லு வைக்கலாமோடி? உன்ரை டொக்டரைக் கேட்டுச் சொல்லன்."

நான் உடனே ஓம் என்றேன். உனக்கு உதவி செய்யும் ஆசை இருந்தது, அது உண்மை. ஆசுப்பத்திரியில் எனக்கு இருந்த செல்வாக்கை உனக்குக் காட்டும் ஆசையும் இருந்தது. அதை இப்போதுதான் எழுத வருகிறது.

டொக்டர் வந்த அன்று உன்னை வரிசைக்கு முன்னே கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினேன். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் நிறைய நேரம் பேசினார். நீ எங்கள் இரண்டுபேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கும் இங்கிலீசு தெரியும்தான். ஆனால் அவர் பேசிய வேகமும், கதிரையில் இருந்த உன் பயமும் உன்னை ஒன்றும் பிடிக்கவிடவில்லை.

அவர் சொன்னது இதுதான். இந்தப் பற்களில் ஒரு சொத்தை இல்லை, பல்லைப் பிடித்திருக்கும் முரசு கல்லுப்போல இருக்கிறது. நல்ல பல்லைப் பிடுங்குவது எனக்கு விருப்பமில்லை. பிடுங்கினால் திரும்ப வைக்க முடியாது. எலும்பு வருஷத்துக்கு வருஷம் வற்றும், கட்டுப்பல் தளரும், மாற்றி மாற்றிச் செய்யவேண்டி வரும். சில எழுத்துகள் முன்போல வாயில் வராமலே போகலாம். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல், யோசித்துவிட்டு அடுத்தமுறை வரட்டும்.

அடுத்தமுறை என்றால் மூன்று மாதம். அப்போது பிடுங்கினால் கலியாணத்துக்குக் கட்டுப்பல் வந்து சேராது. உன் கண் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னவாமடி?" என்றாய்.

"பிடுங்கலாமாம். கொஞ்ச நாளைக்குக் கதைக்கக் கஷ்டமா இருக்குமாம்."

"பாடலாமாமோ? அதைக் கேள்."

நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, பாடுகிற பெண்ணா, அப்படியென்றால் இன்னும் யோசிக்க வேண்டும், அதற்கு நான் உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

நான் உன் பக்கம் திரும்பி, "அதுவும் பழகிப்போகுமாம்" என்றேன்.

அவர் பக்கம் திரும்பி, இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முன்பே யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று இங்கிலீசில் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். நாலு பல்லும் வேரோடு வெள்ளை வெளேரென்று என் தட்டில் விழுந்தன. நீ அழவில்லை. என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

மூன்று மாதம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரிந்தாய். கட்டுப்பல் வந்து, அதைப் போட்டுக் கண்ணாடியைக் கையில் தந்தபோது, "இது ஆரடி?" என்று நீ கேட்டதை நான் பொய்யாக எழுதவில்லை. அவ்வளவு சந்தோஷம். கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாய். அன்று முழுவதும் நான் நல்லது செய்தவளாக நடமாடினேன்.

கலியாணப் பூசையில் நீ பாடவில்லை. மணவாட்டி பாடக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அடுத்த தபசு காலத்தில் பாட எழும்பினாய். நான் அதற்கென்றே லீவு கேட்டு வங்காலைக்கு வந்திருந்தேன். முதல் வரியில் "சேசுவே" என்றபோது ஒரு விசில் வந்தது. மெல்லியதுதான். நீ திரும்ப எடுத்தாய். "சிலுவை" என்ற இடத்தில் இன்னும் பலமாக வந்தது. முன்வாங்குப் பிள்ளைகள் இரண்டு சிரித்துவிட்டன. நீ புத்தகத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்துவிட்டாய்.

கோயில் முற்றத்தில் என்னைக் கண்டு, "பழகும் எண்டுதானே சொன்னவர்? பழகும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். பின்னேரங்களில் கடற்கரையில் போய் நின்று அந்த இரண்டு சொல்லையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயாம். உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு தபசு காலம் அப்படிப் போனது. மூன்றாவது வருஷம் நீ பாட்டுக்காரர் வாங்கில் இருக்கவில்லை. எங்கள் பேச்சிலும் அது வரவில்லை.

உன் வீட்டில் ஒருநாள் உன் புருஷன் சொன்னது உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். நீ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாய். நான் பேச்சுக்கு, "பெண்பாக்க வரேக்கை இவவின்ரை பல்லைப் பாத்துத் திகைச்சிருப்பியள்" என்றேன். என் வாய்க்கு அன்று என்ன வந்தது?

"பல்லோ?" என்றார். "முந்தின வருசம் மடுவிலை இவ பாடினதைக் கேட்டனான். அதுக்குப் பிறகுதான் வீட்டுக்காரரை விட்டுக் கேட்பிச்சனான். பல்லு என்ரை கண்ணிலையே படேல்லை. மாமி என்னவோ சொன்னவ எண்டு பிறகுதான் அறிஞ்சன்."

நீ சிரித்தாய். வரிசையான, அழகான பல். கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள் நெடுநேரம் வரவில்லை. நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அதன்பின் பத்து வருஷம் இருந்தது, பத்து வருஷமும் சொல்லியிருக்கலாம். டொக்டர் சொன்னபடியே எலும்பு வற்றியது, கட்டுப்பல் தளர்ந்தது. நீ நாக்கால் அதைத் தாங்கிக்கொண்டு பேசப் பழகினாய். புதிதாகச் செய்வோம் என்று நான் எத்தனை தரம் கேட்டேன். "வேண்டாமடி, இதோடையே இருக்கட்டும்" என்றாய். அதில் கோபம் இருந்ததா என்று உன் முகத்தைத் தேடிப் பார்ப்பேன். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாரி மழையில் உனக்குக் குளிர்க்காய்ச்சல் முற்றியதென்று ஆள் வந்து சொன்னபோது நான் வண்டில் பிடித்து வந்தேன். நீ பாயில் ஒடுங்கிக் கிடந்தாய். கன்னம் உள்ளே விழுந்திருந்தது. கட்டுப்பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்தக் கோப்பையைக் காட்டினாய்.

"அவஸ்தைத் தைலம் பூசச் சுவாமியார் வாறாராம். போட்டுவிடடி."

நான் அதைத் துடைத்து உன் வாய்க்குள் வைத்தேன். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. உனக்கு இரண்டாம் தரம்தான் பொருந்தியது. உன் மூச்சுச் சுட்டது. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அண்டைக்கு டொக்டர் சொன்னதிலை நான் உனக்கு..." என்று தொடங்கினேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வெளியே மணி ஆட்டிக்கொண்டு சுவாமியார் வரும் சத்தம் கேட்டது. "அவர் வந்திட்டார். பிறகு சொல்லு" என்றாய்.

பிறகு என்று ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா, அதனால்தான் என்னைப் பேசவிடவில்லையா, அல்லது சுவாமியாருக்கு முன் ஒழுங்காக இருக்கத்தான் நினைத்தாயா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன வருஷம் கொண்டச்சியிலிருந்து ஓர் உம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். முன்பல் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கலியாணம் பேசியிருக்கிறதாம். அந்தப் பறங்கி டொக்டர்தான் பார்த்துவிட்டு, நல்ல பல், பிடுங்காமல் விடலாம் என்றார். அவர் சொன்ன ஒரு சொல்லையும் நான் விடவில்லை. எலும்பு வற்றுவதையும், பேச்சு மாறலாம் என்பதையும் இரண்டுதரம் சொன்னேன். கேள்வி இல்லாததற்கும் பதில் சொன்னேன்.

"என்ன தங்கச்சி, புள்ளயை இப்பிடிப் பயங்காட்டுறீங்க?" என்று உம்மாவுக்குக் கோபம் வந்தது.

பெண் மட்டும் அமைதியாகக் கேட்டாள். "எடுத்தாத் திரும்ப வைக்கேலாதா?"

"ஏலாது."

அவள் முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்சநேரம் யன்னலைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நான் நம்பிக்கொண்டு நின்றேன். அதைக் கேட்டால் எனக்கு ஏதோ மன்னிப்புக் கிடைக்கும்போலவும் இருந்தது. அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவாயில்லை. எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

எல்லாம் தெரிந்துகொண்டு சொன்னாள். நான் அதை அப்படியே டொக்டருக்குச் சொன்னேன்.

நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாயோ? இல்லை, எழும்பித் தாம்போதி வழியாக வீட்டுக்கு நடந்திருப்பாயோ? அந்தப் பதில் உன்னுடையதாக இருந்தது. உன்னிடம் கேட்காமல், உனக்கு முன்னால் நின்றுகொண்டு, உனக்காக அதை நான் சொல்லிவிட்டேன்.