குண்டுமணியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை

அன்புள்ள உனக்கு,

இங்கே நானும் வாண்டும் உன் அக்காவும் நலம். மலை மேல் தொலைநோக்கியோடு இருக்கும் உன் நலத்தையும் வானத்தின் நலத்தையும் அறிய ஆவல். மேகம் தொல்லை தராமல் இருக்கிறதா?

இரண்டு நாளாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. என் பங்கு அளவையை முடித்து, விடையை நம் குழுத் தலைவி தராசு மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். இனி நான் ஒரு 'ஹலோ' சொன்னாலே உனக்கு விடை தெரிந்துவிடும். என் சமையலைப் பற்றி நீ எத்தனையோ முறை தப்பாகச் சொல்லியிருக்கிறாய், என் குரலை மட்டும் தப்பாகப் படித்ததில்லை. உன் அக்காவை எடுத்துப் பேசச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். அதனால்தான் கடிதம். கடிதத்துக்குக் குரல் கிடையாதே.

தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும் என்று மேடம் நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புருஷன் பொண்டாட்டி ஒரே குழுவில இருக்கறதே எனக்குத் தலைவலி. ஒரே தட்டுல சாப்பிடுங்க, நான் கேக்கப் போறதில்ல. ஆனா குண்டுமணியப் பத்தி நான் சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடக் கூடாது." நீ வைத்த பெயர்தான் அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரம், அதில் கறுப்புத் திட்டு. வேறு என்ன பெயர் வைக்க முடியும்? அதன் வெளிச்சம் அவ்வப்போது கொஞ்சம் மங்குகிறதே, அது அந்தத் திட்டு சுற்றி வருவதாலா, இல்லை ஒரு கோள் குறுக்கே போவதாலா என்பதுதானே கேள்வி. திட்டு என்றால் நீ மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வாரமே வீடு வந்துவிடலாம். கோள் என்றால், தண்ணீர் கொதிக்காமலும் உறையாமலும் இருக்கக்கூடிய தூரத்தில் இருக்கும் கோள் என்றால், குளிர்காலம் முழுக்க நீ அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். வாண்டு எழுந்து நிற்பதையும் முதல் அடி எடுத்து வைப்பதையும் நான் படம் பிடித்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

வாண்டுக்கு நடுவில் காய்ச்சல் வந்து போய்விட்டது. பல் முளைக்கும் சூடுதான் என்றார் டாக்டர். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே பிள்ளையை எழுப்பிவிட்டேன். "நீ தொட்டுத் தொட்டே அதுக்குச் சூடு ஏறுது, கையை எடு" என்று உன் அக்கா அதட்டினார். ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவு கட்டாதே என்று நீ எப்போதும் சொல்வாய். பிள்ளை விஷயத்தில் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தே எனக்கு உயிர் போய்விடுகிறது. இப்போது நன்றாக இருக்கிறான். கரண்டியால் தரையைத் தட்டித் தட்டிக் கீழ்வீட்டுக்காரரைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான்.

அளந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், விடையைச் சொல்ல மாட்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மலையிலிருந்து வந்த படங்களைக் கணினியில் அளந்தேன். முதல் முறை விடை வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷம் பயம் பிடித்துக்கொண்டது. நட்சத்திரம் எதுவாக இருந்தால் எனக்கென்ன, நான் ஏன் சந்தோஷப்படுகிறேன்? அளந்தது நானா, நீ வரவேண்டும் என்று காத்திருக்கிற உன் பெண்டாட்டியா?

அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளறினேன். குண்டுமணியின் வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க நான் எடுத்திருந்த பக்கத்து நட்சத்திரமே நிலையாக இல்லை, அதுவும் ஏறி இறங்குகிறது. கோணல் சுவரை நம்பி அலமாரியை நேராக்கின மாதிரி. அதைத் தள்ளிவிட்டு, அசையாத வேறு மூன்று நட்சத்திரங்களைப் பிடித்து முதலிலிருந்து எல்லாவற்றையும் அளந்தேன். விடை மாறியதா, மாறவில்லையா என்று கேட்காதே. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு வாண்டின் உள்ளங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அழுதேனா என்றும் கேட்காதே.

உன் விடை புதன்கிழமைக்குள் மேடத்துக்குப் போயாக வேண்டும். இந்தக் கடிதம் வியாழக்கிழமை சாமான் ஜீப்பில்தான் மலையேறும். ஆகவே நான் என்ன எழுதினாலும் உன் கணக்கைக் கெடுக்க முடியாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மேடம் வாய் திறக்கும் வரை வாக்கு வாக்குதான்.

கூட வரும் பொட்டலத்தில் உன் பெரிய குளிர்கோட்டு இருக்கிறது. உள்துணி கிழிந்திருந்தது, உன் அக்காவிடம் தைக்கக் கொடுத்தேன். "அடுத்த வாரம் வர்றவனுக்கு எதுக்குடி இது?" என்றார். நான் நூல்கண்டை எடுத்து நீட்டினேன். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுல வாடகைக்காரன் மாதிரி இருந்துக்கிட்டு ஆகாசத்துல வீடு பாக்கறான்" என்று உன்னை வழக்கமாகச் சொல்வாரே, அதைச் சொல்லத்தான் வாயெடுக்கிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அங்க தண்ணி இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் நம் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, பொத்தானை மட்டும் அழுத்தித் தைங்க" என்றேன். இரட்டை நூல் போட்டுத் தைத்தார். பிறகு கேட்காமலேயே கழுத்துப் பக்கம் கம்பளி வைத்தார்.

பொட்டலத்தில் இடம் இருந்தது, அதனால்தான் கோட்டை வைத்தேன். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

கோட்டைக் கழுத்துவரை மாட்டிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்களை நினைத்துக் கண் கலங்கினால் துடைத்துக்கொண்டு பார், கலங்கின கண்ணோடு பார்க்காதே. நாங்கள் இருப்போம். நீ நிதானமாகப் பார்த்துவிட்டு வா.

என்றும் உன்,
வாண்டின் அம்மா