மூன்றாவது கால்

அன்புள்ளவருக்கு,

மண் பார்க்கத் துளையிட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே கடலடி எப்படி இருக்கும்? கடலில் நிற்கும் கோபுரங்களுக்கு அடித்தளம் வடிவமைப்பவள்தான்; ஆனாலும் எனக்குத் தெரியாது.

ஜெகதாப்பட்டினத்துக் கடலில் நாளை நீங்கள் ஏறப்போகும் காற்றளக்கும் கோபுரத்தின் மூன்றாவது கால் அந்த நடுவில்தான் நிற்கிறது. "அங்கிட்டு நங்கூரம் நிக்காதுங்கம்மா, மணலுக்குக் கீழ ஒரே சேறு" என்று படகுக்காரர் ஆத்மநாதன் அன்றே சொன்னார். "அப்ப அவரையே கையெழுத்துப் போடச் சொல்லு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று சேறு என்றே வைத்துக் கணக்குப் போட்டேன். கால் நிற்கவில்லை. போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஏறாதீர்கள்.

மறுநாள்: இதைக் கொடுத்தனுப்புமுன் நீங்களே அழைத்தீர்கள். "ஏறி எறங்கிட்டோம், ஒண்ணும் ஆகலை. மூணாவது கால்ல மட்டும் மஞ்சக்கோடு தண்ணிக்குள்ள கெடக்கு. பெயிண்டர் தப்பா அடிச்சிட்டான் போல."

"நாலு கால்லயும் ஒரே ஒயரத்துல கோடு அளந்து குடுத்தது நான்தாங்க" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை.

உங்கள் மனைவி