கால் எண்ணெய்

மஹய்யாவ,
கண்டி.
9.3.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் திருச்செல்வம் எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. முதலில் ஒரு வேலை இருக்கிறது. அப்பா தந்துவிட்ட எண்ணெய்ப் போத்தலில் இன்னும் மிச்சம் இருந்தால் அதைக் காலில் தேய்க்காதீர்கள். இன்றிலிருந்தே வேண்டாம். மூடியை இறுக்கி, பையில் சுற்றி, நீங்கள் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளின் கை படாத இடத்தில் வையுங்கள். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் படியுங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மஹ்ரூப் நானாவின் பழைய இரும்புக் கடைப் போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், தங்கள் முறைக்குக் காத்திருக்கிற அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். அதனால்தான் கடிதம்.

நம் தொழிலுக்குக் குறைவில்லை. வீட்டுக்குப் பின்னால் இப்போது கால் வைக்க இடமில்லை. கண்டி டவுனில் கலர் டீவி வாங்குகிற ஒவ்வொரு வீடும் பழையதை நமக்குத்தான் தள்ளிவிடுகிறது. ஓடக்கூடியதை நான் ஓட வைக்கிறேன். மற்றதை அப்பா உடைத்துச் செம்பு வேறு, அலுமினியம் வேறாகப் பிரிக்கிறார். மஹ்ரூப் நானா வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போகிறார். எவ்வளவு செத்த பிரிட்ஜாக இருந்தாலும் ஒருதரம் பிளக்கில் போட்டுக் காது வைத்துக் கேட்காமல் அப்பா உடைக்க விடமாட்டார். மோட்டர் எரிந்துபோனது மணத்திலேயே எனக்குத் தெரியும். இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாத பயல் என்று எனக்கு ஏச்சு.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். பூட்டிக் கிடந்த ஒரு கராஜைத் துப்புரவாக்கியபோது, பழைய டீவிகளோடு ஒரு பெரிய டிரான்ஸ்போமரும் நமக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்து வடித்த எண்ணெய்தான் அது. கரண்டு ஓடின எண்ணெய், நரம்புக்குள் இறங்கும் என்று அப்பா சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். பன்வில தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து முழங்கால் விட்டுப்போன பெண்கள் பஸ் ஏறி வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். யாரிடமும் அவர் காசு வாங்கவில்லை. பிரிட்ஜுக்கு வைத்தியம் பார்த்தது போதாதென்று காலுக்கும் ஆரம்பித்துவிட்டாயா என்று மஹ்ரூப் நானா பகிடி பண்ணுவார். அப்பாவுக்கு அதில் பெருமை.

அந்தக் காலத்து டிரான்ஸ்போமர் எண்ணெய் சிலதில் ஒரு ரசாயனம் இருக்கிறது, அம்மா. டெக்னிக்கல் கொலேஜில் எங்களுக்குப் படிப்பித்த சேர் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். தோல் வழியாக உள்ளே போகும், ஈரலில் தங்கும், லேசில் வெளியே வராது. அப்பாவிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். படிச்ச திமிர் என்றார்.

அவருடைய கன்னத்திலும் கையிலும் கறுப்புக் கறுப்பாகப் பரு எழும்பி, மாதக்கணக்கில் ஆறவில்லை. பிறகு கண் மஞ்சளானது. சோறு இறங்கவில்லை. கொஞ்சம் இழுபறிப்பட்டுத்தான் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரும்பு வேலை என்று மட்டும்தான் டொக்டரிடம் சொன்னார். எண்ணெயைப் பற்றி நான்தான் சொன்னேன். வேறு யாராவது பாவிக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். தோட்டத்து ஆட்களைச் சொன்னேன். அப்போதுதான் அப்பா குனிந்த தலையை நிமிர்த்தாமல், "எம் பொஞ்சாதியும் தேய்க்கிறா. குவைத்துல இருக்கா" என்றார்.

அதுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் கொண்டுபோன பெட்டியில் அவர் ஒரு போத்தல் வைத்ததும், தீரப்போகிறது, வருகிறவர்களிடம் இன்னொன்று கொடுத்துவிடுங்கள் என்று நீங்கள் கேட்டதும் உங்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த கையோடு, அந்த இரண்டாவது போத்தலை அப்பா கொடுத்து வைத்திருந்த பாப்பம்மா அக்காவிடம் ஓடினேன். அவர் நாளை குவைத்துக்கு ஏறுகிறார். போத்தல் அவருடைய பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. "கவுந்துறாம வைக்கணும்னு ஒங்கப்பா ரெண்டு தடவ வந்து சொல்லிட்டுப் போனாரு தம்பி" என்று தரத் தயங்கினார். பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். சாக்கடைக் கானில் ஊற்றவில்லை, அது ஆற்றுக்குத்தான் போகும். வீட்டு டின்னில் மிச்சம் இருந்ததோடு சேர்த்து அடைத்து வைத்திருக்கிறேன். பன்விலைக்கும் போய் லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். சில பேர் போத்தலைத் திருப்பித் தந்தார்கள். சில பேர், ஒங்கப்பாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும் என்று சிரித்தார்கள். அவர்களிடம் திரும்பவும் போவேன்.

அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "எங்கையால அவளுக்குப் போறது அது ஒண்ணுதான்டா. மத்ததெல்லாம் அவதானே அனுப்புறா" என்றார். நஞ்சைத்தான் அனுப்பினீங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து அவர் சுத்தியலைத் தொடவில்லை. பாதி கழற்றிய வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தால் குடிக்கிறார்.

எண்ணெயால்தான் இப்படி வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டொக்டர். ஈரல் பழுதாகியிருப்பது மட்டும் நிச்சயமாம். எந்த அளவுக்கு என்று கேட்டேன். வீட்டு ஆட்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்களா என்று அவர் என்னைக் கேட்டார்.

நீங்கள் அங்கே மேடமிடம் சொல்லி இரத்தம் சோதித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். முழங்கால் வலித்தால் நல்லெண்ணெயைச் சூடு காட்டித் தேயுங்கள். நீங்கள் போகும் முன்பு பொழுதுபட்டால் அப்பா உட்கார்ந்து உங்களுக்குத் தேய்த்துவிடுவாரே, வலியைக் குறைத்தது அந்தக் கைதான். எண்ணெய் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதினால் நம்புவார்.

இன்னொன்று. அவரிடம் வேறு ஏதாவது கேளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பழைய ரேடியோ கேளுங்கள். இங்கே உடைந்த ரேடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றுக்கு இருக்கிற வால்வு மற்றதற்கு இருக்காது, தேடிப் பொருத்த அவருக்கு வேலை இருக்கும். அவர் பற்றவைக்கிற ஈயம் கோணலாக நின்றாலும் நான் கை வைக்க மாட்டேன். பாரமாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவர ஆள் பிடிப்பது என் பொறுப்பு. இல்லையென்றால் நேரிலேயே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியவில்லை என்று தெரியும். மேடமிடம் கேட்டுப் பார்க்கலாமே.

போத்தல் இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். பாப்பம்மா அக்கா உங்கள் கையில் தருவார். நீங்கள் எழுதும் பதில் தபாலில் ஏறி இங்கே வர நாளாகும். அதனால் காசு அனுப்பும்போது சேர்த்து எழுதலாம் என்று மாதக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரேடியோவோ எதுவோ, அவரிடம் கேட்பதைச் சீக்கிரம் கேளுங்கள் அம்மா.

இப்படிக்கு,
உங்கள் மகன்
க. திருச்செல்வம்