அரித்து அனுப்பிய மண்

வவுணதீவு,
பங்குனி 3

அன்புள்ள மகள் யசோதினிக்கு,

நானும் அம்மாவும் சுகம் என்று எழுதினால் பொய்யாகும், படுக்கையில் விழவில்லை என்று வைத்துக்கொள். அந்தக் குளிரில் நீ நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

மேட்டுக்காணியில் வெட்டிய குளம் மாரியில் நிரம்பி, தை முடியுமுன்னே வற்றிப்போயிற்று. உங்கள் ஆய்வுகூடத்து அனுமதிச் சீட்டோடு நான் அனுப்பிய மண்ணை, ஒளி பாய்ச்சி அளக்கும் இயந்திரத்தில் போட்டு, சில நிமிடத்திலேயே களி அதிகம், தண்ணீர் நிற்கும் என்று எழுதினாய். அதை நம்பித்தான் பெக்கோ வண்டி பிடித்து வெட்டினேன். கடலோடு கலக்கும் வாவித் தண்ணீர் உப்பு, மாடுகள் வாய்வைப்பதில்லை. இப்படியே போனால் சித்திரைக்குள் அவற்றை விற்கவேண்டியதுதான். அடுத்த வளவுக் கதிர்காமத்தம்பி வேலியில் நின்று, "அண்ணன், குளத்துக்குள்ள கச்சான் கடலை போடுங்க, மணல்ல நல்லா விளையும்" என்கிறான். எல்லாரும் மூடச் சொல்கிறார்கள். நான் மூடமாட்டேன்.

போன கிழமைதான் காரணம் தெரிந்தது. நான் கட்டிவைத்த மண்ணை அம்மா அவிழ்த்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்துத்தான் அனுப்பினாளாம். "வெளிநாட்டுக்குப் போற மண்ணுகா, கல்லும் குறுணியுமாக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பானுகள்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பருமணல் முழுவதும் மாமரத்தடியில் கிடக்கிறது.

அவளை நான் குறை சொல்லவில்லை, உன்னைத்தான் கேட்கிறேன். உங்கள் சல்லடையில் ஒரு பரல்கூடத் தங்கவில்லையே, அப்போதாவது சந்தேகம் வரவில்லையா? நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை, நீ விட்டுப்போன புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தவன். பழைய முறைப்படி தண்ணீரில் கலக்கி, மண் அடையும்வரை காத்திருந்தால் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். "போட்டதைத்தானே, அப்பா, இயந்திரம் அளக்கும்" என்று நீ எழுதுவாய். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

குளத்தின் அடியில் ஆழமாகத் தோண்டிய மண்ணைக் கல்லோடு அனுப்புகிறேன். இரண்டு முறையிலும் அளந்து பார். கீழே களி இருந்தால் அதை வெட்டிப் பூசிக் குளத்தைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் மாடுகள் போகும். எதுவானாலும் மறைக்காமல் எழுது, எனக்கும் இந்தக் குளத்தோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை போடாமல் வெளியே இறங்காதே. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். ஒன்றை மறந்துவிடாதே, அம்மா போனில் குளத்தைப் பற்றிக் கேட்டால் இயந்திரம் பிழைவிட்டது என்றே சொல். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமித்தம்பி