இறகு மாதிரிப் போன்

ஜூன் 2, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். காயப்போட்ட சேலை பக்கத்து வேலியில்.

மத்தியானம் வீட்டில் இருக்கும் என் கணவரிடமிருந்து செய்தி வரவில்லை. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்கு ‘சாப்பிட்டன்’ என்று வரும். இரண்டு தரம் எடுத்தேன், மணியே போகவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தால், இவர் கட்டிலில். போன் கட்டிலுக்குக் கீழே, கண்ணாடி நொறுங்கி. உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ராணி அக்காவைக் கூப்பிடப் போனைத் தூக்கியிருக்கிறார், கை நழுவிவிட்டது. நான் சாரம் மாற்றும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரிசவாதம் வந்து ஒன்றரை வருடம். வலது கை மடியிலேயே கிடக்கிறது. பேச்சு குழறுகிறது. இடது பெருவிரலால் எழுதுவதுதான் பேச்சு. அந்தப் போன் விழுவது இந்த வருடம் மூன்றாம் தரம்.

புதிது வாங்க வேண்டும். பாரம் குறைந்ததாக.

ஜூன் 3, செவ்வாய்

இன்று நிறுக்க வந்த லொறி குறைவு. தராசு அறையில் இருந்து போன் விமர்சனம் பார்த்தேன். ஒன்பது வீடியோ. அவர்கள் சொன்னவை:

– ‘கையில பிடிச்சா நல்ல கனம், விலைக்கேற்ற சாமான்.’
– ‘பாரம் குறைவு, அதனால மலிவு மாதிரித் தெரியுது.’
– ‘பின்பக்கம் பிளாஸ்டிக். பொம்மை.’
– ‘கண்ணாடி முதுகு, பளபளப்பு, அருமை.’

பாரம் கூடினால் நல்லது, குறைந்தால் மலிவு. யாருடைய கைக்கு? ஒன்பது பேரும் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். கதிரையில் நிமிர்ந்து இருக்கிறார்கள். ஒருவராவது படுத்துக்கொண்டு பிடித்துக் காட்டவில்லை.

ஒரே ஒரு பொடியன் பரவாயில்லை. எங்கள் ஊர்தான், டச்சுக்குடாக் கடற்கரையில் நின்று எடுத்திருக்கிறான். ஒரு போனைத் தூக்கி, “பாரமே தெரியேல்ல, இறகு மாதிரிக் கிடக்கு” என்றான். நல்லது. ஆனால் அந்தப் போனை இவனுக்கு யார் கொடுத்தது? சும்மா கொடுத்தார்களா? கேட்டால் சொல்வானா?

பதினான்கு வருடமாக லொறி நிறுக்கிறேன். சாரதி சொல்லும் நிறையை ஒரு நாளும் எழுதியதில்லை. தராசு காட்டினால்தான் எழுதுவேன்.

ஜூன் 4, புதன்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாறூக் நானாவின் கடை. கிண்ணியா ஆள், இதமாகக் கதைப்பார். இதமாகக் கதைக்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

இறகு போனைக் கேட்டேன். எடுத்துத் தந்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து வேறொன்றையும் வைத்தார். தடிப்பு, பிளாஸ்டிக் முதுகு, சொரசொரப்பு.

“வருத்தக்கார மனிசனுக்கு எண்டு செல்றீங்க. இதப் பாருங்க தங்கச்சி.”

“இது ஏன் நானா அடித்தட்டில கிடக்கு?”

“ஆரும் கேக்கிறாங்க இல்ல. வீடியோவில பொம்மை எண்டு செல்லிட்டாங்க.”

விற்காத சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார். வேண்டாம் என்றேன். இறகையே வாங்கினேன், கவரும் திரைக்குக் கண்ணாடி ஒட்டும் போட்டு.

நேரே வேலைத்தலம். சோளத்தில் மாதிரி எடுத்து நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன். பெட்டியில் 168 கிராம். தராசில் 214.

கவரையும் ஒட்டையும் கழற்றி வைத்தேன். 168. சொல்லி வைத்தது போல.

பொய் சொல்லவில்லை, அதுதான் கெட்டித்தனம். கவர் போடாமல் யார் பாவிக்கிறார்கள்? தார்ப்பாயும் கயிறும் இல்லாமல் லொறியை நிறுத்துக் காட்டுவது போல. திரும்பவும் கவரைப் போட்டேன். என்ன செய்ய, விழுந்தால் உடையுமே.

ஜூன் 5, வியாழன்

போன் தலையணையில் விழுந்தது, ஒரு தரம். முகத்தில் விழுந்தது, ஒரு தரம். கீழ் உதடு கிழிந்து இரத்தம்.

“பாரமோ?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நானாக வாங்கி வந்தது என்பதால்.

வாங்க மறந்தவை: பினாயில், இவருக்கு இரத்த அமுக்கக் குளிசை, பல்பு.

ஜூன் 7, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாளாக நான் அறைக்குள் வந்தால் இவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார். யாரோடு கதை? வெளிநாட்டில் இருக்கும் தமையனிடம் உதவி கேட்கிறாரோ, என்னைப் பற்றிக் குறை சொல்கிறாரோ. மத்தியானம் அயர்ந்து தூங்கும்போது எடுத்துப் பார்த்தேன்.

கடற்கரைப் பொடியனின் வீடியோக்கள். ஒவ்வொன்றின் கீழும் இவருடைய பெயர். ஏழு இடத்தில். முதலாவது எழுதி ஐந்து மாதம்.

‘தம்பி ஒரு கையல தூக்கி காட்டுங்கோ.’

‘தம்பி படுத்து கொண்டு பிடிச்சு காட்டுங்கோ.’

‘தம்பி கமரா பக்கம் பாரமோ.’

ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒன்றின் கீழே மட்டும் வேறு யாரோ: ‘ஐயா, மற்றக் கைக்கு என்ன வேலை?’ அதற்குச் சிரிப்புப் படம் போட்டவர்கள் நிறையப் பேர்.

அவன்கள்மேல் ஆத்திரம். பிறகு என்மேலும். எந்தப் போன் என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? ஐந்து மாதமாக விசாரித்துக்கொண்டிருந்த மனிதர் பக்கத்து அறையில் கிடக்க, நான் ஒன்பது வீடியோ பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

போனை இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன். குசினிக்குப் போய் வெறும் பானையைத் தேய்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

வெயில். துறைமுகத்தில் ஏதோ கப்பல், காலையிலிருந்து சங்கு.

கிளிவெட்டியில் இருந்து நெல் லொறி. தராசில் ஏற்றினால் நிறை சரி, அனுமதிக்குள். ஆனால் மூட்டை முழுவதும் பின்னால் அடுக்கி, முன் சில்லுகள் நிலத்தைத் தொட்டும் தொடாமலும்.

சாரதி: “நிறை சரிதானே அக்கா, பிறகென்ன?”

“நிறை சரி தம்பி. வளைவில திருப்பேக்க வண்டி உங்கட சொல்லுக் கேக்காது. முன்னுக்கு மாத்தி அடுக்குங்கோ.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். அவன் போன பிறகுதான் உறைத்தது: ‘கமரா பக்கம் பாரமோ.’

சாப்பாட்டு நேரம் முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு. இவரிடம் கேட்டு, கேட்டுத்தான், போனை வாங்கி, ஒரு பென்சிலைக் கிடத்தி அதன்மேல் போனின் நடு வரும்படி வைத்தேன். கமரா பக்கமாகச் சட்டென்று சாய்ந்தது. பழைய உடைந்த போனை வைத்தேன், அதுவும் அப்படியே. மூன்று கமராவும் மேலே, புடைத்துக்கொண்டு. பிடிக்கும் கை கீழே. ஆரோக்கியமான கை தன்னை அறியாமல் சமாளிக்கும். இவருடைய பெருவிரல் எழுத எழும்பியதும் மேல்பக்கம் கவிழ்கிறது. கண்ணாடி முதுகு வேறு, வியர்வையில் வழுக்குகிறது.

பென்சில்மேல் போன் சாய்ந்ததைப் பார்த்து இவர் தலையை ஆட்டினார். அன்றைக்கே சொன்னேனே என்ற பார்வை. வியாழக்கிழமை பாரமில்லை என்று தலையாட்டியது பொய்யில்லை.

ஒன்பது விமர்சனக்காரரும் இதைச் சொல்லவில்லை. நானும் எண்ணைத்தான் நம்பினேன்.

ஜூன் 10, செவ்வாய்

இவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி தவிர வெளியே வந்து எத்தனையோ மாதம். மேற்சட்டை தானே தெரிந்தெடுத்தார், நீலக் கோடு போட்டது.

பாறூக் நானா தன் கதிரையை இழுத்துக் கொடுத்தார். போன்களை ஒவ்வொன்றாக இவருடைய இடது கையில் வைத்தார். இவர் சாய்ந்து பார்த்தார், பெருவிரலை மேலே கொண்டுபோய்ப் பார்த்தார், கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். அவசரமே இல்லை. பின்னால் சிம் வாங்க நின்ற ஒருவர், “மாம்பழம் தெரிஞ்செடுக்கிற மாதிரியெல்லோ பாக்கிறார்” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியில் எடுத்தது அந்த அடித்தட்டுப் போன். தடிப்பு, சொரசொரப்பு. ஒரே கமரா, புடைப்பே இல்லை. பெட்டியைப் பார்த்தேன்: 197.

“மற்றதவிட இது பாரம் கூட” என்றேன். நானா இவருக்கு ஏதோ கண் காட்டினார் என்று எனக்குச் சந்தேகம்.

இவர் என்னைப் பார்த்து, மெல்ல, இரண்டு சொல்லும் தெளிவாக:

“என்ர... கை.”

கடையில் எல்லோருக்கும் கேட்டது. பெட்டியைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

“கவரே தேவையில்ல தங்கச்சி, இந்த முதுகு வழுக்காது” என்றார் நானா. இறகு போனை ஒரு குறையும் சொல்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

காற்று இன்னும் ஓயவில்லை. பினாயில் வாங்கியாயிற்று.

இரண்டு நாளாக ஒரு தரமும் விழவில்லை. எண்ணுவதை விட வேண்டும்.

பின்னேரம் நான் வேலையால் வர, இவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தரம் கவிழ்த்து வைக்கவில்லை. கடற்கரைப் பொடியனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். எழுத்தில் இல்லை, குரலில். நான் ‘என்ன?’ என்று ஒரு தரம் திருப்பிக் கேட்டால் அதோடு வாயை மூடிவிடுகிற மனிதர்.

தேத்தண்ணி ஆறுமுன் பதில் வந்தது. இவர் எனக்கும் கேட்கும்படி போட்டார்.

“ஐயா, வணக்கம். நீங்கள் முந்தி எழுதினதுகளையும் இப்பதான் பாத்தனான், மன்னிக்கோணும். நீங்கள் சொன்னது அரைவாசி எனக்கு விளங்கேல்ல. குறை நினைக்காதேங்கோ. இன்னொருக்கா ஆறுதலாச் சொல்லுவீங்களே?”

“விடுங்கோ. உங்கட குரலை வைச்சு அவன் ஒரு வீடியோ போடுவான், ஆள் சேர்க்க” என்றேன். அப்படித்தான் இப்போதும் நினைக்கிறேன்.

இவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார், பிறகு என்னை. சத்தமாம். எழும்பிப் போய் நிற்பாட்டினேன்.

சுழற்சி நிற்கும்வரை காத்திருந்தார். பெருவிரலை அழுத்தினார். முதலில் இருந்து தொடங்கினார்.