அவள் உன்னைக் கேட்டாள்

இன்று மந்தாரக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் மணலில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும், ஏற வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மணிப்பூர் முகாமில் நம் கைகளில் எப்போதும் இந்த வாசனைதான். மெலிந்த குழந்தைகளுக்கு ஊட்டும் வேர்க்கடலைப் பசைப் பொட்டலங்களை நாளெல்லாம் பிரித்துக்கொண்டிருப்போம். "பாத்தியாடி, எங்க காடாம்புலியூரு மல்லாட்டை எங்க வந்து நிக்குதுன்னு" என்பாய்.

டவுன்ஷிப் மருத்துவமனையில் ஒரே வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நாம். கலவரத்தில் வீடிழந்தவர்களுக்கு நர்ஸ்கள் வேண்டும் என்று ஒரு மருத்துவக் குழு கேட்டபோது, என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாய். "நீ வராம நான் யார்கூட சண்ட போடறது?" என்றாய்.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகள் வெளியே மழையில் கிடந்தன. கடைசி வகுப்பறையில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணவனைத் தீயில் பறிகொடுத்துவிட்டு, மலைக்காட்டு வழியே குழந்தையைச் சுமந்து வந்தவள். பத்து மாதப் பெண் குழந்தை. தட்டம்மை வந்து போயிருந்தது, முனகக்கூடத் தெம்பில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழியில்லை, சாலை அடைபட்டிருந்தது. டாக்டர் சொன்னபடி சத்துப்பாலைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

நீ தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "இவ எப்ப சாப்ட்டான்னு கேளுங்க" என்று குவார்ட்டர்ஸில் கற்ற உன் அரைகுறை இந்தியில் உள்ளூர் ஆசிரியையிடம் சொன்னாய். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "சாகப்போகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்கிறாள்."

தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். "தின்னும்மா. நீ தின்னாதான கொழந்தைய தூக்க முடியும்" என்று தமிழிலேயே பேசினாய். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் கடைசியில் வாயைத் திறந்தாள். சோறு வாயில் இருக்க அழுதாள். நீ அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அடுத்த கவளத்தை நீட்டினாய்.

பக்கத்துப் பாயில் இருந்த ஆண் குழந்தை தப்பவில்லை. அதைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் நீதான். வெளியே போய் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாய். "அந்தப் பொண் கொழந்தைக்குப் பால் நேரமாச்சு, வா" என்றாய். நாம் கிளம்பும்போது அந்தப் பெண் குழந்தை பசைப் பொட்டலத்தைப் பிடுங்கிச் சப்பத் தொடங்கியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் நீ மட்டும் போனாய். என் கணவருக்கு இதய அறுவை முடிந்திருந்த சமயம். ஒருநாள் போனில், "லேசா காய்ச்சல், அத்த வுடு. அந்தக் கொழந்த செவுத்த புடிச்சிகினு நடக்குதுடி" என்றாய். நீ என்னிடம் பேசியது அதுதான் கடைசி. அடுத்த அழைப்பு டாக்டருடையது. மலேரியா மூளையைத் தாக்கிவிட்டதாம்.

உன்னைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய அன்று உன் அண்ணன் என்னிடம் கேட்டார்: "யாரோ பெத்த புள்ளைக்கு இவ ஏங்க அவ்ளோ தூரம் போவணும்?"

போன வாரம் அந்த ஆசிரியை அழைத்தார். அந்தத் தாயும் பக்கத்தில் இருந்தாள். இன்னும் முகாமில்தான் இருக்கிறார்கள். நீ மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டாள். உன்னைக் காய்ச்சலோடு ஊருக்கு அனுப்பிவிட்டதாகத்தான் அவளுக்குத் தெரியும்.

நீ இல்லை என்பதை நான் சொன்னேன். ஆசிரியை அதை அவள் மொழியில் சொல்லும்வரை காத்திருந்தேன். அந்தக் குழந்தை போனைக் கேட்டு அடம்பிடித்து அழும் சத்தம் மட்டும் வந்தது. அன்று முனகக்கூடத் தெம்பில்லாதவள், தொண்டை கிழியக் கத்தினாள். ஆசிரியை சங்கடப்பட்டு, அப்புறம் பேசுகிறேன் என்றார்.

"வைக்காதீங்க. கொழந்த அழட்டும், நான் கேக்கறேன்" என்றேன்.

உனக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். இன்னும் என் காதிலேயே இருக்கிறது.