அப்பா தாண்டவிட்ட காட்சி

அன்பு மகனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் மனைவியும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். மற்றபடி வீடு வீடாக இல்லை. நீ அங்கே நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டேன், ஆனால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் பேசிப் பேசியே என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ வசனம் எழுதிய படம் உன் அப்பா வேலை பார்க்கும் தியேட்டருக்கே வந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் யார் யார் படத்தையோ ஓட்டினேன், இது என் பையன் படம் என்று டிக்கெட் கிழிப்பவர் முதல் டீக்கடைக்காரர் வரை சொல்லித் தீர்த்தார். காலையில் ஆபரேட்டர் அறையில் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான். மாலைக் காட்சிக்கு நானும் உன் மனைவியும் போனோம். அந்தச் சின்ன வயசுப் புருஷன் வேலை முடிந்து வந்தும் மாடி ஏறாமல் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறானே, அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே உங்கள் வீட்டு வாசலில் நீயும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாயாம். பிறகு அவன் நண்பனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், படம் சட்டென்று தாவிப் பாட்டுக்குப் போய்விட்டது. ஜனங்கள் விசிலடித்து, "ஆபரேட்டர் தூங்கிட்டானா?" என்று கத்தினார்கள். உன் அப்பா தூங்கவில்லை. மருமகள் காதில் விழக் கூடாதென்று அந்த இடத்தைத் தாண்டவிட்டிருக்கிறார். இந்த வேலையில் அவர் ஒருநாளும் செய்யாத காரியம். முதலாளி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

மறைத்தால் அவளுக்குத் தெரியாதா? மறுநாள் காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவள், பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துத் தனியாக முழுப் படமும் பார்த்துவிட்டு வந்தாள். அவள் உள்ளே இருப்பது தெரியாமல் உன் அப்பாவும் ஒழுங்காக ஓட்டியிருக்கிறார். "கல்யாணத்துல அவசரப்பட்டுட்டேன்டா, குழந்தை வேணுமான்னு யாராவது கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று அந்தப் புருஷன் நண்பனிடம் சொல்கிறானே, அதை வரி பிசகாமல் என்னிடம் ஒப்பித்தாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். அது கதைதானே, யாரோ ஒருத்தன் கதை என்று எவ்வளவோ சமாதானம் சொன்னேன். "அத்தை, வண்டியில உக்காந்திருந்தது யாரோ ஒருத்தரா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகும்படி அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். பிரசவத்துக்காக இல்லையாம், ஒரேயடியாகவாம். அவள் ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னைத் துளைக்கிறாயே, இதுதான் விஷயம். உன் அப்பாவோ அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, சாப்பாட்டைத் தியேட்டருக்கே கொடுத்தனுப்பச் சொல்கிறார்.

நீ பயந்தது தப்பென்று நான் சொல்லவில்லை. கட்டினவளிடம் சொல்லாததை ஊரைக் கூட்டிச் சொன்னாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "படம் முழுக்க அவன் பயம்தான் அத்தை. அந்தப் பொண்ணுக்குப் பயமா இருக்கான்னு ஒருத்தரும் கேக்கலையே. இந்தக் குழந்தை வேணுமான்னு நானும்தான் எத்தனையோ நாள் யோசிச்சேன். நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?" கூட மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைக்குள் வந்து சேர். வழியில் பட்டினி கிடக்காதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும்போது வசனம் யோசித்துக்கொண்டு வராதே. அவள் எதிரில் உட்கார், அவள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா